ஓரியூர்க் கிடாய்

காவி கட்டிப் பண்டாரசாமியாக, புலால் தொடாமல் வாழ்ந்த மனிதருக்குக் கிடாய் வெட்டுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில், தைப்பனி விலகாத பிப்ரவரி 4-ஆம் தேதி புனித அருளானந்தர் திருவிழா. லிஸ்பனில் 1647-இல் அரண்மனைச் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் அவர். மதம் பரப்ப இங்கே வந்த அவரால் மறவர் தலைவர் தடியத்தேவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரி. விவகாரம் அரண்மனைக்குப் போனது. 1693-இல் ஓரியூர் மணலில் சாமியாரின் தலை விழுந்தது. (தள்ளிவைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் பக்கத்து நியாயத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.)

வெட்டியது சேதுபதி சீமை என்றால், கொண்டாடுவதும் அதே சீமைதான். மறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள்; அவர்களில் இந்துக்களும் உண்டு. நேர்த்திக்கடனுக்குத் தென்னங்கன்றும் வருகிறது, கிடாயும் வருகிறது. இதெல்லாம் கிறிஸ்தவமா என்று முகம் சுளிக்கும் படித்தவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஊருக்குத் தகுந்த கோலம் பூண்டவரே அந்தச் சாமியார்தானே! 1947-இல் ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் தந்தது. சனம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் ரத்தத்தில் சிவந்ததென்று நம்பும் மண்ணை அதற்கு முன்பே அள்ளி முடிந்துகொண்டு போனது; இப்போதும் போகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூச.