மயிரிழையில் தப்பித்த மாவீரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

இது கொஞ்சம் காரமான கட்டுரை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு வேட்டைக்குப் போன சொந்தக்காரர் ஒருத்தராவது இருக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். அதனால் திட்டு கன்ஃபார்ம். இருந்தாலும் எழுதியே ஆகணும்.

போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே சேர் போட்டு உட்கார்ந்ததும் வழக்கமான கச்சேரி ஆரம்பம். தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமாதான் பாகவதர். "மேகமலைக்கு மேல மாப்ள. அமாவாசை இருட்டு. கையில சிங்கிள் பேரல். டார்ச் அடிச்சா இருவது அடியில காட்டுமாடு நிக்குது. ஒண்ணு போட்டேன். திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு பாரு..."

சுற்றிப் பத்துப் பேர், வாயைப் பிளந்துகொண்டு. மாமா துப்பாக்கியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறினாராம். மாடு அடியிலேயே நின்று உறுமியதாம். விடிகிற வரைக்கும் இறங்கவில்லையாம். கடைசியில் அந்தப் புகழ்பெற்ற வசனம்: "மயிரிழையில தப்பிச்சேன்டா!"

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் இது புதுக் கதை இல்லை. மேற்கே பார்த்தால் கேரள எல்லை மலை. கிழக்கே பார்த்தால் மேகமலை, வருசநாட்டு மலை. திராட்சைத் தோட்டத்தில் நின்று நிமிர்ந்தாலே காடு தெரியும். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட வேட்டைக் கதைகளை வகை பிரித்தால் நாலுதான் தேறும். கரடி கதை, காட்டுமாடு கதை, ஒத்தை யானை கதை, ஃபாரஸ்ட்காரர் துரத்திய கதை. நாலுக்கும் கிளைமாக்ஸ் ஒன்றுதான், மயிரிழை.

என் கட்சி என்ன என்பதை நேராகவே சொல்கிறேன். இந்தக் கதைகளில் வீரமும் இல்லை, திறமையும் இல்லை. இவர்கள் தப்பித்ததற்கான பில் வேறு யாரோ ஒருவர் விலாசத்துக்குப் போயிருக்கிறது. அந்த விலாசத்தைக் கதையிலிருந்து வெட்டிவிட்டுத்தான் நம்மிடம் கைதட்டு வாங்குகிறார்கள்.

முதலில் ஒரு எளிய கணக்கு. தப்பித்தவன்தான் கல்யாண வீட்டுக்கு வந்து கதை சொல்வான். தப்பிக்காதவன் வர மாட்டான். நூறு பேர் போய்த் தொண்ணூற்றைந்து பேர் திரும்பினால் நம் காதுக்குத் தொண்ணூற்றைந்து வீரக் கதை வரும். மீதி ஐந்து வீட்டில் கதை சொல்ல ஆள் இருக்காது. அந்தத் தொண்ணூற்றைந்தைக் கேட்டு வளர்கிற பையன் "போனா ஒண்ணும் ஆகாது" என்றுதான் நினைப்பான்.

நான் படிப்பது பி.காம். ஹெர்பர்ட் ஹைன்ரிக் என்று ஒரு அமெரிக்கர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி 1931 இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயங்களும், அடியே படாமல் போன 300 சம்பவங்களும் இருக்கும் என்றார். அந்த எண்கள் சரியா என்று பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் அதிலிருக்கும் யோசனையை உருப்படியான எந்தத் தொழிற்சாலையும் விடவில்லை. 'தப்பித்தோம்' என்பது பரிசு இல்லை, நோட்டீஸ். தலைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு விழுந்தால் அதை ரெஜிஸ்டரில் எழுதி, ஏன் விழுந்தது என்று விசாரிப்பார்கள். நம் ஊரில் அதே இரும்புத் துண்டுக்கு மாலை போட்டு, அடுத்த அமாவாசைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இதில் சட்டம் வேறு இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972 இல். காட்டுமாடும் கரடியும் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேட்டையாடினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது 11 ஆவது பிரிவு. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று சொல்லும் பிரிவு அது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை. அந்த ஆபத்து வந்த நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. அதாவது வேட்டைக்குப் போன இடத்தில் "அது என்னைக் கொல்ல வந்துச்சு, அதான் சுட்டேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்த விஷயம் நமக்குத்தான் புரியவில்லை. வீடு புகுந்தவன், வீட்டுக்காரன் அடிக்க வந்தான் என்று புகார் கொடுப்பது மாதிரி இது.

சரி, கல்யாண மண்டபத்துக்குத் திரும்புவோம். கதை முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன். "மாமா, அந்த மாட்டுக்குக் குண்டு பட்டுச்சா?"

"பட்டுச்சு மாப்ள. காலையில ரத்தம் கெடந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எறங்கி வந்துட்டோம்."

பாருங்கள், கதை இங்கேதான் முடிகிறது. மாமாவுக்கு முடிந்துவிட்டது. மாட்டுக்கு முடியவில்லை. உடம்பில் ஈயத்தோடு, வலியோடு, மனுஷ வாடை என்றாலே வெறி பிடிக்கிற ஒரு டன் எடை ஜீவன் இன்னும் அந்த மலையில் நடந்துகொண்டிருக்கலாம். அடுத்த நாள் காலையில் அதே தடத்தில் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் போகிற அக்காக்களுக்கு மாமாவின் வீரக் கதை தெரியாது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் சம்பாவத் புலியின் கணக்கைப் பாருங்கள். நேபாளத்திலும் குமாவுன் மலையிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண் புலி. 1907 இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர்கள் பக்கம் திரும்பியது என்று கார்பெட் எழுதினார். அந்த முதல் குண்டைச் சுட்டது யார்? பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அவரும் ஊருக்குத் திரும்பிப் போய் "புலி பாய்ஞ்சுச்சு, மயிரிழையில தப்பிச்சேன்" என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு மயிரிழை, 436 உயிர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்துக்கே வாருங்கள். 2023 அக்டோபர் கடைசியில் கூடலூர் பக்கம் வண்ணாத்திப்பாறை காட்டுப் பகுதியில் ராத்திரி ஒருவர் வனத்துறையினர் சுட்டு இறந்தார். வேட்டைக்கு வந்தவர், எங்களைத் தாக்க வந்தார், அதனால் சுட்டோம் என்றது வனத்துறை. உறவினர்கள் அதை ஏற்காமல் போராடினார்கள். இதில் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒரு கொலைக்குத் தண்டனை மாதிரி ஒரு உயிர் போவதை நியாயப்படுத்தவும் மாட்டேன். நான் சொல்வது, நம் திண்ணைக் கதைகளில் ரொம்ப ஹிட்டான நாலாவது வகை 'ஃபாரஸ்ட்காரர் துரத்திய கதை'க்கு இப்படியும் ஒரு முடிவு இருக்கிறது என்பது. இருட்டு, இரண்டு பக்கமும் ஆயுதம், இரண்டு பக்கமும் பயம். இதில் காமெடி எங்கே இருக்கிறது?

துப்பாக்கியைவிட மோசம் கரண்ட் கம்பி. முறையான சோலார் வேலி விட்டு விட்டு ஒரு ஷாக் கொடுக்கும், மிருகம் மிரண்டு ஓடும். லைனில் கொக்கி போட்டு நேராகக் கம்பியில் கரண்ட் விட்டால் தொட்டது எதுவானாலும் சாவுதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படி ஒரு சட்டவிரோத வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தன. கம்பிக்குப் பன்றி எது, யானை எது, விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற பக்கத்துத் தோட்டத்துக்காரர் யார் என்று தெரியாது. அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியும் அப்படித்தான். பன்றிக்கு வைத்ததைக் கடித்து வாய் கிழிந்து பட்டினியில் செத்த யானைகள் உண்டு.

இப்போது எதிர்க்கட்சி வாதங்கள்.

ஒன்று: "பன்றி வந்து மொத்த வெள்ளாமையையும் அழிக்குது, விவசாயி என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி. நானும் விவசாயக் குடும்பம்தான். ஒரே ராத்திரியில் கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போன காலையில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் அதற்கு வழி கேட்க வேண்டிய இடம் அரசாங்கம். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையே சுடலாம். இது போதாது என்றால் போராடுவோம், நானும் வருகிறேன். ஆனால் ஒன்று. தோட்டத்துக்கு வந்த பன்றியை விரட்டுகிறவர் வேறு, மேகமலை உச்சிக்குப் போய்க் காட்டுமாட்டைத் தேடுகிறவர் வேறு. அங்கே மாமாவுக்கு எந்த வெள்ளாமை இருந்தது?

இரண்டு: "இது நம்ம பாரம்பரியம்டா. கோம்பை நாய்க்கே நம்ம ஊர்ப் பெயர்தான்." சரி, பெருமைதான். நாயை வளர்ப்போம், கொண்டாடுவோம். ஆனால் பழைய காலத்துக் காடு இப்போது இல்லை. மிச்சமிருப்பதில் ஒரு பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். பாரம்பரியம் பேசுகிறவர் கையில் இருப்பது எல்.இ.டி. டார்ச்சும் வாட்ஸ்அப் குரூப்பும். வேலும் வில்லும் இல்லையே!

மூன்று: "நீ காட்டுக்கே போகாதவன், ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுறே." இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத ஆரம்பித்தேன்.

போயிருக்கிறேன். பிளஸ் டூ லீவில், பெரியப்பா மகன் அண்ணனோடு. வருசநாட்டு மலைப் பக்கம். மொத்தம் நாலு பேர், ஒரு நாட்டுத் துப்பாக்கி. சாயங்காலம் ஒரு தூறல் போட்டு விட்டிருந்தது. டார்ச் பிடித்தது நான். பத்து மணி வாக்கில் புதருக்குள் இரண்டு கண் பச்சையாக மின்னியது. அண்ணன் என் தோளைத் தொட்டு "ஆட்டாத" என்றார். ஆட்டாமல் பிடித்தேன். விசையை இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மருந்து நமுத்துப் போயிருந்தது.

அந்த டக் சத்தத்துக்கு அந்தக் கண்களுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருப்பா அது?"

மலைமாட்டுக் கிடை. மாட்டை ஒட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். மாட்டுக் கண் டார்ச் வெளிச்சத்துக்கு மின்னும். நாய்க் கண் மின்னும், மான் கண் மின்னும். மனுஷக் கண் மின்னாது. நான் பிடித்த வெளிச்சத்தில் அந்த மனுஷர் இல்லவே இல்லை. நாங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் இறங்கி ஓடிவந்தோம்.

ஊருக்கு வருவதற்குள் அது கரடியாகிவிட்டது. "துப்பாக்கி வெடிக்கல மாப்ள, கரடி நேரா வந்துச்சு, மயிரிழையில தப்பிச்சோம்." அண்ணன் மட்டும் சொல்லவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் முதல் வருடம் அந்தக் கரடி கதையை நானும் சொல்லியிருக்கிறேன். நல்ல ரெஸ்பான்ஸ். இதைப் படிக்கிற என் வகுப்பு நண்பர்களில் நாலைந்து பேர் கேட்டிருப்பீர்கள். மன்னியுங்கள் மக்களே, கரடி இல்லை.

அன்றைக்கு மயிரிழையில் தப்பித்தது நாங்கள் இல்லை. அந்தப் பெரியவர். அவருக்கு இன்றைக்கு வரைக்கும் அது தெரியாது. யாரோ பசங்க லைட் அடித்துவிட்டு ஓடினார்கள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருப்பார். சாயங்காலம் அந்தத் தூறல் மட்டும் போடாமல் இருந்திருந்தால்? 2021 இல் வயநாட்டில் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டு ஒருவர் செத்த செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு கரடி கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் மட்டும் போதாது என்று கல்யாண மண்டபத்தில் அந்தப் பத்துப் பேர் முகத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அதில் இரண்டு பேர் ஒன்பதாவது படிக்கிற பையன்கள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது உங்களிடம் மயிரிழைக் கதை சொன்னால் கைதட்டாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். "அடி பட்டது என்ன ஆச்சு? அந்தப் பக்கம் வேற யாரு இருந்தா?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். பையன்கள் பக்கத்தில் இருக்கும்போது, சத்தமாகக் கேளுங்கள்.

பி.கு.: அண்ணனிடம் இதை எழுதப் போவதாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "கரடின்னே எழுதிரு தம்பி" என்றார். இல்லைண்ணே, முடியாது.