நடுவில் நிற்கும் குரல்

வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிவிட்டன. ஆண்களின் பாடகர் குழுக்கள் மூடவில்லை. அவற்றில் ஒன்றான ட்ரியோர்க்கி குழுவின் தொடக்கம் 1883. இடையில் நின்றுபோய், 1946இல் மறுபடி கூடியது. யாரும் சம்பளத்துக்குப் பாடவில்லை. பகலெல்லாம் கரி வெட்டியவர்கள் மாலையில் குளித்துவிட்டு ஒத்திகைக்கு வந்தார்கள். மேற்கத்திய இசைக்குறிகளைப் படிக்கத் தெரியாதவர்கள்கூட 'டோ, ரே, மி' எழுத்துகளைப் பார்த்தே நான்கு குரல் பாட்டுகளைக் கற்றார்கள். அந்த நான்கில் என் மரியாதை நடுக்குரலான பாரிடோனுக்குத்தான். மெட்டு பெரும்பாலும் மேலே டெனர்களிடம் இருக்கும். அடித்தளம் கீழே பாஸிடம். பாரிடோனுக்கு வாய்ப்பதோ நடுவில் இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே நகரும் வரி. தனியாகப் பாடினால் அது பாட்டென்றே தோன்றாது. அதை எடுத்துவிட்டால் மொத்த இசையும் மெலிந்துபோகும். இந்தக் குழுவின் குரல் கடல் கடந்தும் ஒலித்தது. அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டை மறுத்திருந்த பாடகர் பால் ரோப்சன், 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே வேல்ஸின் போர்த்கால் ஊரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். பதிலுக்குப் பாடியது இந்த ட்ரியோர்க்கி குழுதான். மேடைக்கூலி வாங்குகிறவரை மட்டும் கலைஞர் என்று அழைப்பது அநியாயம். வேலை முடிந்து பாட வருகிறவரும் கலைஞர்தான்.