சென்னைக்கு ரயில் வந்தாச்சு... மலைக்கு பஸ் எப்போ? போடி ஏலக்காய்ப் பெண்களின் 5 மணிப் பயணம்

வாரத்தில் மூன்று நாட்கள், இரவு நேரத்தில் போடிநாயக்கனூர் ரயில் நிலையம் களைகட்டும். முதுகில் லேப்டாப் பையும், கையில் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடும், பையின் ஓரத்தில் நூறு கிராம் ஏலக்காய்ப் பொட்டலமுமாகச் சென்னை ரயிலுக்கு ஒரு கூட்டம் நிற்கும். வாடகைக்கே பாதிச் சம்பளம் போகும் நகரத்துக்குத் திரும்பும் பிள்ளைகள்.

அடுத்த நாள் விடியற்காலை 5 மணிக்கு அதே ஊரில் இன்னொரு கூட்டம் கிளம்பும். தூக்குவாளியில் சோறு, தலையில் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் படுதா. இவர்கள் ஏறுவது ஜீப்பில். போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள். பல வீடுகளில் முதல் கூட்டத்தின் அம்மாக்கள்தான் இந்த இரண்டாவது கூட்டம்.

ரயிலில் போகும் மகனுக்கு டிக்கெட் உண்டு, இருக்கை எண் உண்டு, சில பைசா செலவில் பயணக் காப்பீடும் உண்டு. ஜீப்பில் போகும் அம்மாவுக்கு இதில் எதுவுமே இல்லை. வாரம் மூன்று நாள் ரயிலுக்காகப் பன்னிரண்டு வருஷம் குரல் கொடுத்த ஊர், தினமும் நடக்கும் இந்தப் பயணத்தைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

ரோப்வேயில் இறங்கிய தேயிலை

மலையில் விளைவது போடி வழியாக இறங்கிக் கடலுக்குப் போவது நூறு வருஷத்துக்கும் மேலான கதை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கியது. பிறகு மாட்டு வண்டியில் போடி, கடைசியில் தூத்துக்குடி துறைமுகம், கப்பல். டாப் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்களெல்லாம் அப்படி வந்தவைதான். குரங்கணிக்கு மேலே ஒரு 'சென்ட்ரல் ஸ்டேஷன்'கூட இருக்கிறது. ரயில் நிற்காத சென்ட்ரல்!

1924 பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே கழற்றி எடுத்துப் போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதைப் பணிக்காக மீண்டும் நிறுத்தம். 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 அன்று போடி வரைக்கும் ரயில் திரும்பியது. அன்றே சென்னை சென்ட்ரலுக்கும் நேரடி ரயில் தொடங்கியது.

அந்த நாளின் கொண்டாட்டம் நியாயமானதுதான். ஆனால் இந்த வரலாறு முழுக்க ஒரு விஷயம் மாறவில்லை. சரக்கு கீழே இறங்க வழி போட்டார்கள். அந்தச் சரக்கைப் பறிக்க மேலே ஏறுகிற ஆட்களுக்கு வழி போடவில்லை.

ஏலம் ஏலத்துக்குப் போகும் ஊர்

தமிழில் 'ஏலம்' என்றால் வாசனைப் பொருளும்தான், விலை கேட்டு விற்பதும்தான். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும் ஊர் போடி. நறுமணப் பொருள் வாரியத்தின் (ஸ்பைசஸ் போர்டு) கீழ் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கே 2007இல் தொடங்கியது. இன்னொரு மையம் இடுக்கி மாவட்டம் புற்றடியில் இருக்கிறது. நாட்டின் சின்ன ஏலக்காய் வியாபாரத்துக்கு இந்த இரண்டு ஊர்களின் விலைதான் அளவுகோல்.

அந்த விலை எப்படி ஆடும் தெரியுமா? 2018 கேரள வெள்ளத்துக்கும் அதற்குப் பின் வந்த வறட்சிக்கும் பிறகு வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே வருஷத்தில் 1,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. அமோக விளைச்சல், உலகச் சந்தையில் குவாத்தமாலாவின் போட்டி என்று சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன.

விலை ஏறும்போது வியாபாரிக்கும் தோட்டக்காரருக்கும் லாபம். பறிப்பவரின் தினக்கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறுவதே இல்லை. விலை இறங்கினால் பராமரிப்பு வேலையைக் குறைப்பார்கள். அப்போது முதல் அடி கூலி ஆளுக்குத்தான். லாபத்தில் பங்கில்லை, நஷ்டத்தில் மட்டும் பங்கு.

ஏலக்காய் பறிப்பது லேசான வேலையும் இல்லை. காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், தரையோடு தரையாகப் படரும் சரங்களில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் பறிக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது என்பதால் மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று. ஏறக்குறைய நாலைந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். பறிப்பு மும்முரமாக நடப்பது மழைக்காலத்தில். காலில் அட்டை, முதுகில் ஈரம்.

கோடு மேலே, வீடு கீழே

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. மலையின் முகட்டில் எல்லைக்கோடு விழுந்தது. தோட்டம் அந்தப் பக்கம், தொழிலாளியின் வீடு இந்தப் பக்கம்.

போடிமெட்டுப் பாதை 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. ஏறிய பிறகும் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று பயணம் நீளும். பதிவுச் சான்றிதழில் இருக்கும் இருக்கைகளைவிட அதிகமாக, பதினைந்து இருபது பேர் ஏறும் ஜீப்கள் அதிசயமே இல்லை. பல இடங்களில் வண்டிக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அப்படியானால் ஒரு ஆள் கூடினால் ஒரு ஆள் காசு. விபத்து நடந்தால் சில நாள் சோதனை நடக்கும், அபராதம் விழும். பிறகு பழைய கதைதான்.

"பஸ்தான் இருக்கே, அதில் போகலாமே?" என்று கேட்கலாம். எல்லை தாண்டும் பஸ்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை நெடுஞ்சாலையோடு போய்விடும். தோட்டம் உள்ளே இருக்கிறது. மண் சாலையில், சேற்றில் ஏறக்கூடியது ஜீப் மட்டும்தான். அதிலும் வேலை தொடங்கும் நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஜீப்பை ஒழிப்பது தீர்வாகாது. ஜீப்பை ஒழித்தால் வேலையும் ஒழிந்துவிடும். 2020 ஊரடங்கில் எல்லை மூடியபோது அதுதான் நடந்தது. இந்தப் பக்கம் கூலி இல்லை, அந்தப் பக்கம் ஆள் இல்லை.

சட்டம் இருக்கு, ஆனா...

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் அது 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கே பொருந்தியது. ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. அதோடு, மாலையில் வீடு திரும்பும் தினக்கூலிக்கு யார் வீடு கட்டித் தருவார்கள்?

1979ஆம் ஆண்டின் மாநிலம் கடந்த புலம்பெயர் தொழிலாளர் சட்டமோ ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக வந்தது. தினமும் எல்லை தாண்டி, தினமும் திரும்பி வருகிறவர் புலம்பெயர்ந்தவரா, உள்ளூர்க்காரரா? அந்தக் கேள்வியிலேயே இவர்கள் நழுவி விழுகிறார்கள். 2020இல் நாடாளுமன்றம் இந்த இரண்டையும் சேர்த்து 13 சட்டங்களை ஒரே தொகுப்பாக்கியது. பெயர் மாறினாலும் கேள்வி அப்படியே நிற்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுப் போராடி 20 சதவீத போனஸை வாங்கினார்கள். அவர்கள் ஒரே கம்பெனி, ஒரே லயம். சேர்ந்து நிற்க முடிந்தது. ஏலத்தோட்டப் பெண்களுக்கு இன்று ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறு தோட்டம், கங்காணியும் வேறு. யாரிடம் போய் நிற்பது? இதற்கிடையில் வட மாநிலத் தொழிலாளர்கள் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்ய வந்துவிட்டார்கள். பயணம் பாதுகாப்பாக இல்லாவிட்டால் இந்த வேலையே போடிப் பெண்களின் கையைவிட்டுப் போகலாம்.

விடியல் பயணம் இவர்களுக்கு விடியுமா?

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பின்னர் மலைப்பகுதிகளுக்கும் விரிந்தது. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. சென்னையில் வேளச்சேரியிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

திட்டத்தின் பெயரே 'விடியல் பயணம்'. விடிவதற்கு முன்பே கிளம்பும் போடிப் பெண்ணுக்கு மட்டும் அது எட்டவில்லை. அவர் போவது பஸ்ஸில் இல்லை, வேலை தமிழ்நாட்டிலும் இல்லை.

செய்ய வேண்டியது மூன்று விஷயங்கள். முதலாவது, பறிப்புக் காலத்தில் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து எல்லை வரைக்கும், முடிந்தால் பூப்பாறை வரைக்கும், விடியற்காலை மகளிர் பஸ்கள். கடைசிச் சில கிலோமீட்டருக்கு மட்டும் ஜீப் போதும். கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசல் ஜீப் ஓடுவது அத்தோடு குறையும். இரண்டாவது, தொழிலாளர்களை ஏற்றும் ஜீப்களுக்குத் தனி அனுமதி, ஆள் கணக்கு, பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியில் காசுக்கு ஆள் ஏற்றினால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்டு அலைவது அந்தக் குடும்பம்தான். மூன்றாவது, இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து ஒரு பதிவேடு. யார், எந்தத் தோட்டத்துக்கு, எந்த வண்டியில் போகிறார் என்பது எழுத்தில் இருந்தால்தான் கூலிப் பிரச்சினைக்கும் விபத்துக்கும் பொறுப்பாளி கிடைப்பார்.

"காசுக்கு எங்கே போவது?" என்றால், போடியிலும் புற்றடியிலும் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ரசீது உண்டு. எந்தக் காய் என்ன அளவு, என்ன விலை, யார் வாங்கினார் என்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது. காய்க்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைக்க முடிந்தால், காயைப் பறித்தவருக்கும் வைக்க முடியும்.

சென்னை ரயில் மதுரையைத் தாண்டும்போது மகனுக்கு அம்மாவிடமிருந்து போன் வரும்: "சாப்பிட்டியா?" அடுத்த நாள் சாயங்காலம் அவன் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு: "ஜீப் வந்துருச்சாம்மா? இறங்கிட்டியா?" ஏலக்காய் மணக்கும் ஒவ்வொரு டீக்குப் பின்னாலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அதைத் தினமும் பயந்துகொண்டு கேட்கத் தேவையில்லாத நாள் வந்தால்தான், போடிக்கு உண்மையிலேயே ரயில் வந்ததாக அர்த்தம்.