ஸ்கேன் நார்மல்... வலிப்பு மட்டும் நிற்கவில்லை!

வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த மாத்திரையால் வலிப்பு முழுசாக நிற்பதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010-ல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஆபரேஷன் கைகொடுக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது? அந்த இடத்தை எடுத்தால் பேச்சும் ஞாபகமும் தப்புமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கத்தியை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோகமான உதாரணம் உண்டு. 1953-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் 27 வயது ஹென்றி மொலைசனுக்கு டாக்டர் ஸ்கோவில் ஆபரேஷன் செய்தார். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே இல்லை. இருந்தும் மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது உண்மை. ஆனால் 2008-ல் சாகும்வரை அவரால் புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்த பகுதி சுமார் 8 செ.மீ. என்று ஸ்கோவில் கணக்குச் சொல்லியிருந்தார். 1990-களில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் சுமார் 5 செ.மீ. தான்! (புத்தகத்தில் ஒரு இருப்பு, குடோனில் வேறு இருப்பு என்று காமர்ஸ்காரர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான்.)

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் சுருங்கிப்போன ஹிப்போகேம்பஸ் தெரிகிறது. அதில் ஒன்றும் தெரியாதபோதும், வலிப்பு இல்லாத நேரத்தில் சர்க்கரையைக் குறைவாகச் செலவழிக்கும் பகுதியை பெட் ஸ்கேன் காட்டிக்கொடுக்கலாம். பேச்சு எந்தப் பக்கம் என்று அறிய, முன்பெல்லாம் கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி மூளையின் பாதியைச் சில நிமிஷம் தூங்கவைத்தார்கள். இதற்குப் பெயர் வாடா டெஸ்ட் (யாரையும் கூப்பிடவில்லை, ஜூன் வாடா என்ற டாக்டரின் பெயர்!). இப்போது பலருக்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மெஷினுக்குள் படுத்தபடி மனசுக்குள் வார்த்தைகளை யோசித்தால் போதும். ஆனாலும் படம் மட்டும் பார்த்து யாரும் கத்தியை எடுப்பதில்லை. வீடியோ ஈ.ஈ.ஜி. காட்டும் இடமும் படம் காட்டும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சிக்கல் எங்கே? "ஸ்கேன் நார்மல்" என்ற இரண்டு வார்த்தையில்!

ஜெர்மனியின் பான் நகரில் 2002-ல் வெளியான ஒரு ஆய்வைப் பாருங்கள். மூளையில் கோளாறு இருந்த வலிப்பு நோயாளிகளின் வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களை, வலிப்பில் தனிப் பயிற்சி இல்லாதவர்கள் படித்தபோது கண்டுபிடித்தது 39 சதவீதம். வலிப்பு நிபுணர்கள் படித்தபோது 50. வலிப்புக்கென்றே தனி முறையில் படம் எடுத்து நிபுணர்கள் படித்தபோது 91! அந்தத் தனி முறை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஹிப்போகேம்பஸின் நீளவாட்டத்துக்குக் குறுக்காக, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுப்பது அதில் முக்கியமானது. பத்து நிமிஷமோ கால் மணி நேரமோ கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆக, வழக்கமான படம் "நார்மல்" என்றால் மூளையில் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை. சரியாகத் தேடாமல் விட்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குடும்பம் நிம்மதி அடைகிறது, டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதுகிறார், வருஷங்கள் ஓடுகின்றன. பையன் வண்டி ஓட்டக்கூடாது, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது... நல்ல ஸ்கேனுக்குச் செலவு அதிகம் என்று சொல்பவர்கள் இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

மாத்திரை இரண்டு மாறியும் வலிப்பு நிற்காதவர்கள் ரிப்போர்ட்டை வாங்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: இது வலிப்புக்கான முறையில் எடுத்த படமா, படித்தவர் யார்? கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கனடாவின் லண்டன் நகரில் 80 பேரை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். 2001-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டவர்கள், ஆபரேஷன் பிரிவில் 58 சதவீதம். மாத்திரையோடு காத்திருந்த பிரிவில் 8 சதவீதம். காத்திருந்தவர்களில் ஒருவர் அந்த வருஷத்துக்குள் இறந்துபோனார்.