சரக்கு போயிற்று; பணம் எப்போது?

துணியை விற்றுவிட்டோம் என்று சொல்வதற்கும், துணிக்குரிய பணம் பெட்டிக்கு வந்தது என்று சொல்வதற்கும் இடையே எத்தனை நாட்கள் கழிகின்றன? அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பற்று வரவுப் புத்தகத்தைப் புரட்டி இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆடியில் அனுப்பிய தீபாவளிச் சரக்குக்குப் பொங்கல் கழித்துப் பணம் வருவது நம் தொழிலில் வழக்கமென்றே ஆகிவிட்டது. நூல் விற்பவர் அதுவரை காத்திருப்பதில்லை. தார் சுற்றும் பெண்கள் சனிக்கிழமைக் கூலியைத் தை மாதத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்வதுமில்லை. ஆகவே, பத்துத் தறி வைத்திருக்கும் ஒருவர் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய வியாபாரிக்கு வட்டியின்றிக் கடன் கொடுக்கிறார். அந்தக் கடனுக்கான முதலைத் தாம் வட்டிக்கு வாங்குகிறார். இதைக் காட்டிலும் தலைகீழான லேவாதேவி வேறு உண்டோ?

வரியும் இந்தச் சுமையைக் கூட்டுகிறது. ஜி.எஸ்.டி. முறையில் மாதக் கணக்குக் கொடுப்போர், பட்டியல் எழுதிய மாதத்துக்குரிய வரியை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். நூலுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆயினும் மிச்சத்தைக் கைப்பணத்திலிருந்தே கட்டியாகவேண்டும். துணிக்குப் பணம் வந்ததா என்று சர்க்கார் கேட்பதில்லை. வாங்கியவரோ, பணம் கொடாமலே அந்த வரியைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். 180 நாட்களுக்குள் பணம் கொடுக்கத் தவறினால்தான் அந்த வரவை அவர் வட்டியோடு திருப்பவேண்டும். 180 நாட்கள் என்றால் அரை வருஷம்!

இதற்குச் சட்டத்தில் பரிகாரமே இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். சிறுதொழில்களுக்குத் தாமதமாகக் கொடுக்கும் பணத்துக்கு வட்டி விதிக்க 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் ஏற்பட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாள் முதல் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும். ஒப்பந்தம் இல்லையானால் 15 நாட்களே. 90 நாள் தவணை என்று இருவரும் சம்மதித்து எழுதிக்கொண்டாலும் 45 நாட்களுக்கு மேல் செல்லாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் முதலோடு சேரும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதம் ஆகிறது.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பலருக்கு ஏன் பயன்படவில்லை? காரணம் வெளிப்படை. வழக்குத் தொடுத்தவரிடம் மறுபடி யார் துணி எடுப்பார்? பாக்கியைக் காட்டிலும் வாடிக்கை பெரிது என்று நம்மவர் வாய்மூடி இருந்துவிட்டனர்.

2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறு வழியாக வந்தது. விற்றவர் வழக்குத் தொடுக்கவேண்டியதில்லை. வாங்கியவரின் வருமான வரிக் கணக்கே அவரைக் கேட்கும். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அந்த வருஷத்துச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். 2023-24-ஆம் வருஷக் கணக்கிலிருந்து இது அமலாயிற்று. கெடு தாண்டிய ரூ. 4 லட்சம் பாக்கி மார்ச்சு 31 அன்று நின்றால், 30 சத வரி கட்டும் கூட்டு நிறுவனம் அவ்வருஷம் ரூ. 1,20,000 கூடுதலாக வரி கட்ட நேரும்.

2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் துணிச் சந்தைகளில் எழுந்த கலக்கத்தை அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். சில வியாபாரிகள் அவசரமாகப் பாக்கியைத் தீர்த்தார்கள். சிலர் சரக்கையே திருப்பி அனுப்பினார்கள். பதிவை ரத்துச் செய்தால்தான் இனிக் கொள்முதல் என்று சொன்னவர்களும் உண்டு. வியாபாரியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவரும் சில்லறைக் கடைக்குக் கடனுக்கே கொடுக்கிறார். 2021 முதல் வியாபாரிகளும் பதிவு செய்துகொள்ளலாம் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவருக்கு இல்லை. இந்தக் குறையைச் சர்க்கார் கவனிக்கவேண்டும். ஆனால் அதற்காக நெசவாளர் தம் பதிவை விட்டுக்கொடுப்பதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்த தெருக்காரரும் விட்டுக்கொடுக்க நேரும். ஊரில் எல்லாரும் பதிவு பெற்றிருந்தால் வியாபாரி யாரிடம் போவார்?

உத்யம் என்னும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறவேண்டாம். சரக்கு அனுப்புமுன்பே பதிவு பெற்றுவிடுவது நலம். பின்னால் பெற்ற பதிவு முந்திய பாக்கிக்கு உதவுமா என்பது வழக்குக்கு இடமாகும். பதிவு எண்ணையும் தவணை நாளையும் பட்டியலிலேயே எழுதுங்கள். சரக்கு சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். குறை உண்டானால் 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். இல்லையேல் சரக்கு சேர்ந்த நாளே ஏற்ற நாள். ஆறு மாதம் கழித்து “சாயம் போகிறது” என்று சொல்லிப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் பழைய வித்தைக்கு இந்த விதி தக்க பதில். விளைச்சலைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகவும், மஞ்சளை அரைத்துப் பொடியாகவும் விற்கும் அங்கத்தினருக்கும் இவை பொருந்தும்.

முடியாத நிலையில், இத்தகைய பாக்கிகளை விசாரிக்கும் மன்றங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களில் உள்ளன. அங்கே பிறந்த தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் செல்ல விரும்பினால், தீர்ப்புத் தொகையில் 75 சதத்தை முதலில் கட்டவேண்டும்.

இனிச் சொல்வது நமக்கே கசப்பானது. வியாபாரியிடம் 45 நாள் கேட்கும் நம் சங்கங்கள், சாயப்பட்டறைக்கும் பாவு ஓட்டுபவருக்கும் எத்தனை நாளில் பணம் கொடுக்கின்றன? அவர்களிலும் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கும் உண்டு. மேலிடத்திலிருந்து பணம் வரவில்லை என்று நாம் சொல்லும் சமாதானமும், சில்லறைக் கடையிலிருந்து வரவில்லை என்று வியாபாரி சொல்லும் சமாதானமும் ஒன்றே. ஆகவே, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து என்னும் விவரத்தை ஒவ்வொரு சங்கமும் மாதந்தோறும் நிர்வாகக் குழுவின்முன் வைத்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டவேண்டும் என்று கோருகிறோம். முதல் பட்டியலை வருகிற மாதக் கூட்டத்திலேயே கேளுங்கள்.