நட்டஈடா? பிச்சைக்காசா?

வீதியில் வாகனம் மோதிக் கால் முறிந்தவனுக்கு முதற்காயம் வீதியிலே. இரண்டாங்காயம் வைத்தியசாலைக் கட்டிலிலே. முதற்காயத்தை இரும்பு செய்கிறது; இரண்டாங்காயத்தைக் கடதாசி செய்கிறது. முன்னதை ஆற்ற வைத்தியர் உண்டு. பின்னதை ஆற்ற எந்த நீதிமன்றமும் இலேசில் முன்வருவதில்லை. ஏனெனில் அந்தக் கடதாசியின் அடியிலே காயமுற்றவனே தன் கையால் ஒப்பமிட்டிருக்கிறான்.

அக்கடதாசியின் சாரம் இதுதான்: இத்தொகையைப் பெற்றுக்கொண்டேன், இவ்விபத்துத் தொடர்பாக வாகனச் சொந்தக்காரரிடமோ காப்புறுதி நிறுவனத்திடமோ இன்றும் இனி என்றும் எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. இதற்கு முழுத் தீர்வு என்று பெயர். யாருக்குத் தீர்வு? நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குத் தீர்வு. ஆறு மாதம் கழித்து எலும்பு சரியாகப் பொருந்தாமல் மறுபடி சத்திரசிகிச்சை வேண்டுமென்று வைத்தியர் சொன்னால், அந்தச் செலவு யாருடையது? ஒப்பமிட்டவனுடையது!

எம்மக்களில் பலர் இத்தொகையை நிறுவனம் மனமிரங்கித் தரும் தருமமென்று எண்ணுகின்றனர். இதைவிடப் பெரிய மயக்கம் வேறில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந் தரப்பினருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதியின்றி எவரும் வாகனத்தை வீதியில் இறக்கலாகாது என்று விதித்துள்ளது. காப்புறுதிச் சான்று இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆகவே கண்டி வீதியில் ஓடும் ஒவ்வொரு லொறியும் வானும், அவ்வீதியோரம் நடந்து செல்பவனுக்காக முன்கூட்டியே பணம் கட்டிவிட்டே ஓடவேண்டும். சாரதியின் கவனயீனம் நிரூபிக்கப்பட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தால், சட்டம் கோரும் அறிவித்தல் உரிய காலத்தில் கொடுக்கப்பட்டிருக்குமிடத்து, அத்தொகையைச் செலுத்தும் கடமை காப்புறுதி நிறுவனத்தையே சாரும். வாங்கிய பணத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் இது. கடன்காரன் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது கும்பிட்டு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?

ஆனால் இந்தக் கடனைக் குறைக்க இரண்டு ஆயுதங்கள் கையாளப்படுகின்றன. சட்டம் அறியாதவனிடம் அவசரம், அறிந்தவனிடம் தாமதம்.

அவசரம் எப்படி வரும்? பரந்தனில் நாலு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். காலபோக விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் வேளையில் மோட்டார்ச் சைக்கிள் மோதிப் படுத்துவிட்டான். உழவு இயந்திரக் கூலி நிற்கிறது. விதைநெல்லுக்குக் கடன் நிற்கிறது. வீட்டில் பிள்ளைகள் நிற்கின்றனர். அந்நேரம் பார்த்து ஒருவர் வருகிறார். பழக்கூடையும் இன்சொல்லும் கொண்டு வருகிறார். “வழக்கென்று போனால் பத்து வருடம் அலைவீர்கள், இன்றே பணம் தருகிறோம்” என்கிறார். வந்தவர் தன் நிறுவனத்தின் சம்பளக்காரர் என்பதையும், கட்டிலில் கிடப்பவன் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளன் அல்லன் என்பதையும் எம்மவர் மறந்துவிடுகின்றனர். அவர் தீயவரல்லர், தம் எசமானுக்கு விசுவாசமானவர். எமக்கு விசுவாசமானவர் யார் என்பதே கேள்வி.

தாமதமோ அவசரத்திலும் கொடிது. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய நட்டத்துக்கான வழக்கு 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படவேண்டும். கடிதம் எழுதுவார்கள், பத்திரம் கேட்பார்கள், கொழும்பிலிருந்து பதில் வரவேண்டும் என்பார்கள். பேச்சுவார்த்தை நடக்கிறதென்று காலக்கெடு நின்று காத்திருப்பதில்லை. உரிமைகளுக்குப் பங்கமின்றி என்று தலைப்பிட்டு வரும் கடிதம் இரண்டு வருடம் முடிந்த மறுநாள் வெறுங்கடதாசி. கவனியுங்கள்: பேசுவதும் வழக்குத் தொடுப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வழக்கைத் தொடுத்துவிட்டும் சமாதானம் பேசலாம். பலவேளை அப்போதுதான் உண்மையான பேச்சே தொடங்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்பி அபராதம் கட்டியதும், வழக்கு முடிந்ததென்று காயமுற்றவன் வீடு திரும்புகிறான். அந்த அபராதம் அரசாங்கத்துக்குச் சேர்வது. அவனுடைய நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தின் கதவை அவனே தட்டவேண்டும்.

அடுத்தது, தொகையை எப்படிக் குறைக்கிறார்கள் என்பது. “அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக வைத்தியம் செய்தீர், உமக்கு என்ன செலவு?” என்று கேட்கிறார்கள். எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் இலவச வைத்தியம் காப்புறுதி நிறுவனத்தின் இலாபத்துக்காக ஏற்பட்டதா? எமது உரோமன் டச்சுச் சட்டம் மருந்துச் செலவை மட்டும் எண்ணுவதில்லை. இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், பட்ட வேதனை, எஞ்சிய ஊனம் யாவும் அதன் கணக்கில் உண்டு. “சம்பளச் சீட்டு எங்கே?” என்பது அடுத்த கேள்வி. கமக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? கமநல சேவை நிலையத்தில் வயல் பதிவுண்டு, நெல் விற்ற பற்றுச்சீட்டுண்டு, வங்கிப் புத்தகமுண்டு, கூட்டுறவுச் சங்கக் கணக்குண்டு. இவற்றைத் திரட்டி வைப்பவனுக்கு ஒரு போகத்தின் பெறுமதியை நிரூபிப்பது முடியாத காரியமன்று. ஆசிரியரும் இலிகிதரும் சம்பளம் நிற்கவில்லை என்று வாளாவிருக்கின்றனர். செலவான லீவு அவர்களின் சொத்தல்லவா? வலியோடு நிற்கவேண்டிய இருபது வருட உத்தியோகம் நட்டமல்லவா?

“பிழை உம்முடையது, விளக்கில்லாத சைக்கிளில் வந்தீர்” என்பது கடைசி அம்பு. இதைக் கேட்டதும் எம்மவர் தலைகுனிந்து கொடுத்ததை வாங்கிக்கொள்கின்றனர். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், காயமுற்றவன் பக்கத்தில் ஒரு பங்கு பிழை இருப்பினும் அப்பங்குக்கேற்ப நட்டஈடு குறையுமேயன்றி, உரிமை அடியோடு அழிந்துபோவதில்லை. கால்பங்கு பிழைக்கு முழு நட்டத்தையும் சுமக்கச் சொல்வது எந்த நியாயம்?

வழக்கு நீளும் என்று நிறுவனத்தார் சொல்வது பொய்யன்று. எமது மாவட்ட நீதிமன்றங்களில் தவணை மேல் தவணை விழுவதை அறியாதவர் இல்லை. ஆகையால் நியாயமான சமாதானத்தை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் சமாதானம் என்பது இரு தரப்பும் கணக்கை அறிந்து பேசுவது. ஒரு தரப்பின் கையில் சட்டப் புத்தகமும் மறு தரப்பின் கையில் பத்துப்போட்ட காலும் இருக்கையில் நடப்பது சமாதானமன்று, சரணாகதி.

இனி மொழியின் கதைக்கு வருவோம். 1956 இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதினார்கள். எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. விபத்து நடந்த ஊரின் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், நிறுவனத்தின் கடதாசி ஆங்கிலத்தில் நீட்டப்பட்டால், தமிழ் மட்டுமே அறிந்தவன் தன் வாயால் சொன்னதையும் அறியான். தன் கையால் விட்டுக்கொடுத்ததையும் அறியான். 1957 சூலை 26 இல் ஒப்பமிட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தை 1958 ஏப்பிரலில் ஒரு பிரதமர் கிழித்தெறிந்தார். ஆட்சியாளரின் கையொப்பம் அவ்வளவு இலேசாகக் கிழிகிறது. ஆனால் கமக்காரனின் கையொப்பம் மட்டும் ஒருநாளும் கிழிவதில்லை! அந்தப் பாடத்தைக் கற்ற இனம், வாசிக்கத் தெரியாத கடதாசியில் ஒப்பமிடலாமா?

குற்றம் முழுவதையும் கொழும்பின் தலையில் சுமத்திவிட்டு நாம் கைகழுவுவதும் நேர்மையாகாது. கட்டிலருகே வருபவர் பலவேளை தமிழரே. பங்கு பேசி இடையில் நிற்கும் தரகர் தமிழரே. ஊனத்தின் அளவைத் தெளிவாக எழுதாமல் இரண்டு வரியில் அறிக்கை தரும் வைத்தியரும், தவணைக் காசில் கண்ணாயிருந்து கட்சிக்காரனுக்குக் கணக்கு விளக்காத சட்டத்தரணியும் எம்மவரிடையே இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? படித்த தமிழரே, உங்கள் படிப்புக்கு நெல்லும் வெங்காயமும் புகையிலையும் விற்றுப் பணம் அனுப்பியவன் அந்தக் கட்டிலில் கிடக்கிறான்!

செய்யவேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் மாதம் ஒருநாள் ஒரு சட்டத்தரணியை அழைத்து இலவச ஆலோசனை நடத்தட்டும். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை, வசதியற்றவர் தயங்காமல் நாடட்டும். வாகனத்தின் இலக்கத்தையும் காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் அன்றே குறித்து வையுங்கள். வைத்தியசாலைத் துண்டு ஒவ்வொன்றையும் காத்து வையுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள்; எழுத மறுத்தால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிடாதீர்கள். காயம் நிலைபெற்று ஊனத்தின் அளவு தெரியும்வரை முழுத் தீர்வுக்கு இணங்காதீர்கள். இரண்டு வருடத்தை மட்டும் ஒருநாளும் மறவாதீர்கள். காப்புறுதி நிறுவனங்களிடம் எமது கோரிக்கை ஒன்றே: தமிழருக்கு நீட்டும் தீர்வுக் கடதாசி தமிழில் இருக்கட்டும், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆலோசிக்க நாள் கொடுக்கட்டும். நேர்மையான தொகையைத் தருபவருக்கு இதில் அஞ்ச என்ன இருக்கிறது?

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாகனங்கள் விரைகின்றன. வழித்துணைக்குப் பிள்ளையார் இருக்கட்டும். வழியில் விழுந்தவனுக்குத் துணை நாமே.