சாவி கோட்டையில் இருந்தால் போதுமா?

இணையத்தின் சாவி நம் அரசின் கையில் இருக்க வேண்டும், சர்வர்கள் இந்திய மண்ணில் இருக்க வேண்டும், அப்போதுதான் கிராமத்து மனிதனின் தகவலுக்குப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறார் நண்பர். புதுச்சேரியின் ஒதியம்பட்டு கிராமத்தில் இருந்து சொல்கிறேன்: எங்களைக் காட்டி இந்த வாதத்தை விற்காதீர்கள்.

2017 ஜனவரியில் புதுச்சேரியின் அப்போதைய முதல்வர் நாராயணசாமி விட்ட சுற்றறிக்கையை அவர் தீர்க்கதரிசனம் என்கிறார். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பதால் அரசு அலுவலுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி உடனே ரத்து செய்தார். அரசுக் கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அது அலுவலக ஒழுங்கு. அதைச் சாக்கிட்டு ஊரார் இணையத்தையே அரசிடம் ஒப்படைக்கச் சொல்வது அப்பட்டமான மோசடி.

உள்நாட்டு சர்வர் என்றால் பத்திரமா? 2022 நவம்பரில் ஹேக்கர்கள் முடக்கிய எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் டெல்லியில்தான் இருந்தன. நோயாளிகளின் பதிவு நாள்கணக்கில் பேப்பரிலும் பேனாவிலும் நடந்தது.

இணையத்தின் கடிவாளம் அமெரிக்க அரசிடம் என்பதும் பழைய பஞ்சாங்கம். இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகேனுக்கும் அமெரிக்க வணிகத்துறைக்கும் இருந்த ஒப்பந்தம் 2016 செப்டம்பரோடு முடிந்தது. ஐகேன் இன்னும் கலிஃபோர்னியாவில் பதிவான அமைப்புதான். அதை மாற்றக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் 2011-இல் '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முகவரி கிடைத்தது பல நாட்டார் கூடி வகுத்த பொது விதியால்தான்.

அரசின் கையில் சாவி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 உயிர்கள் போயின. மே 22 அன்று துப்பாக்கிச்சூடு, மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத் துண்டிப்பு. சுட்டதைச் செல்போனில் படம் பிடித்தவர் அதை வெளியே அனுப்ப வேண்டிய நேரம் அது. உத்தரவு வந்தது வாஷிங்டனில் இருந்து அல்ல, சென்னைக் கோட்டையில் இருந்து. நண்பரின் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்படியோர் உத்தரவு சரியா என்று மாநிலத்தில் பரிசீலிப்பவர்கள் தலைமைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், இன்னொரு செயலாளர். மூவரும் அதே அரசின் அதிகாரிகள். நீதிபதி ஒருவரும் கிடையாது. 2017 விதிகளிலும் இப்படித்தான், 2024-இல் புதிதாக எழுதியபோதும் இப்படியேதான். ஜிபே அட்டையை ஒட்டிவைத்து வியாபாரம் செய்யும் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு, சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று அப்புறம் கேளுங்கள்.